பாட்டோடு பெயரும் வரட்டும்!

பெங்களூரில் தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. பாடுகிறவரின் பெயருக்குத்தான் பஞ்சம்.

பீனியாவில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் கையில் செல்போன் இருக்கிறது. சிவாஜிநகரில் மூட்டை இறக்குகிறவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதில் ஒரு கிராமியப் பாட்டு வருகிறது. கேட்டதும் மனம் இளகுகிறது. ஊர் நினைவு வருகிறது. உடனே நாலு நண்பர்களுக்கு அனுப்பி வைக்கிறார். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். மாலைக்குள் பாட்டு அல்சூரிலிருந்து ஒயிட்பீல்டு வரை போய்விடுகிறது.

"யார் பாடியது?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரோ நம்ம பக்கத்து ஆள்" என்பார்கள். "யார் எழுதியது?" என்று கேட்டால், "நாட்டுப்பாட்டை யார் எழுதுவார்கள்? அது தானாக வந்தது" என்பார்கள்.

இந்த இரண்டாவது பதில்தான் ஆபத்தானது. பாட்டு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் வயிற்றைக் காயப்போட்டு, ராத்திரி விழித்து, வார்த்தை தேடிக் கட்டியது அது. அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஓர் ஊர் உண்டு, ஒரு குடும்பமும் உண்டு.

யாரோ பாடியது அல்ல

நாற்று நடும்போதும், ஏற்றம் இறைக்கும்போதும், தொட்டில் ஆட்டும்போதும் பாடிய பழைய பாட்டுகளுக்கு முதலில் கட்டியவர் யார் என்று சொல்ல முடியாது என்பது உண்மையே. ஆனால் அவற்றைக்கூட நம் பெரியவர்கள் அநாதையாக விட்டுவிடவில்லை. பேராசிரியர் நா.வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் கீழே சேகரித்தவர் பெயர் இருக்கும். எந்த இடத்தில் கேட்டது என்றும் இருக்கும். எஸ்.எஸ்.போத்தையா, எஸ்.எம்.கார்க்கி போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவை அவை. ஆசிரியர் தெரியாத பாட்டுக்கே அத்தனை மரியாதை!

இன்று நமக்கு வந்து சேரும் பாட்டுகளில் பல அப்படிப்பட்டவை அல்ல. தானே எழுதி, தானே மெட்டுக்கட்டி, தானே பாடுகிற ஒரு தலைமுறை வந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்து அந்தோணி தாசன் அந்த வகை. அரக்கோணத்து அறிவு அந்த வகை. இவர்களாவது பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாமல் தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் ராமநாதபுரத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பறையை வைத்துக்கொண்டோ, ஒரு பழைய ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டோ பாடுகிறார்கள். அவர்களுடைய பாட்டையும் "பழைய நாட்டுப்பாட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டால், உயிரோடு இருக்கிறவரை இல்லாதவர் ஆக்கிவிடுகிறோம்.

பாட்டுக்குள்ளேயே பெயர்

இந்தக் கவலை புதிது அல்ல. பெயர் தொலைந்துவிடும் என்று முன்னோர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் பாட்டுக்குள்ளேயே பெயரை வைத்துக் கட்டினார்கள்.

திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் சீர்காழியையும் சொல்லி முடிப்பது வழக்கம். அதைத் திருக்கடைக்காப்பு என்பார்கள். வடக்கே கபீர் தம் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லிக்கொள்வார். நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கர்நாடகத்தில் சிசுநாள ஷரீப் என்று ஒரு மகான் இருந்தார். 1819-ல் பிறந்து 1889-ல் மறைந்தவர். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்டவர். அவர் பாட்டுகளில் தம் ஊர்ப் பெயரையே முத்திரையாக வைத்தார். இன்று ரகு தீட்சித் கிதாரோடு மேடை ஏறி ஷரீப்பின் பாட்டைப் பாடினாலும், அது யாருடையது என்று கேட்கிறவருக்குத் தெரிகிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் அழியவில்லை.

நம் கானா பாடகர்களும் பாட்டின் நடுவே தம் பெயரையும் தாம் வாழும் பேட்டையையும் சொல்வது உண்டு. கேட்கிறவர்கள் அதைப் பெருமைக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். அது பெருமை அல்ல, பாதுகாப்பு. ஆனால் செல்போனில் வருவது பெரும்பாலும் அரை நிமிஷத் துண்டு. பெயர் வரும் அடி வெட்டுப்பட்டுப் போகிறது.

பெயர் போனால் பிழைப்பு போகும்

"பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? பாட்டு நன்றாக இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. கிராமியப் பாடகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாசி, பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழா நடக்கும் மாதங்களில் கிடைக்கும் கச்சேரிதான் வருஷம் முழுவதுக்கும் வருமானம். கச்சேரிக்குக் கூப்பிட வேண்டுமானால் பெயர் தெரிய வேண்டும். ஊர் தெரிய வேண்டும். பத்து லட்சம் பேர் கேட்ட பாட்டைப் பாடியவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதும், அதே பாட்டை வேறு குழுவினர் மேடையில் பாடிக் காசு வாங்குவதும் இதனால்தான் நடக்கிறது.

கேசட் காலத்தில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி ஆகியோரின் கேசட்டுகள் தமிழர் வீடுகளில் ஓடிய நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டையில் படம் இருந்தது, பெயர் இருந்தது. இரவல் வாங்கியவரும் அட்டையைப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொண்டார். கேசட் போனது, அட்டையும் போனது, பெயரும் கூடவே போய்விட்டது.

கொல்லங்குடி கருப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைச் சீமையின் வயல்காட்டுக் குரல் அது. 1985-ல் வந்த 'ஆண்பாவம்' படம் அவரை ஊருக்கெல்லாம் காட்டியது. 1993-ல் கலைமாமணி விருது பெற்றார். 2025-ல் மறைந்தார். பெயரோடு ஊரும் சேர்ந்தே வழங்கியதால், கொல்லங்குடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் அந்த ஊர்ப் பெயர் மனப்பாடம். அவரைப் போல அதே வட்டாரத்தில் பாடி, சினிமாவின் கண்ணில் படாமலே போன பெண்கள் எத்தனை பேரோ!

நம் பேட்டைகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் போயிருந்த ஒரு திருவிழாவில், தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிராமியக் குழுவை வரவழைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள், நாலு ஆண்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேடை என்று சொல்லியிருந்தார்கள். சினிமாப் பாட்டு இன்னிசைக் கச்சேரி நீண்டுகொண்டே போய், அவர்கள் மேடை ஏறும்போது மணி பன்னிரண்டு. அரை மணியில் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னது. "பாதிதானே பாடினீர்கள்?" என்று சொல்லிப் பாதிப் பணம் கொடுத்தார்கள். நோட்டீசில் இன்னிசைக் குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இவர்களுக்கு "மற்றும் கிராமிய நிகழ்ச்சி" என்ற மூன்று வார்த்தைதான். பெயர் அச்சிட்டிருந்தால் அப்படி நடத்தியிருப்பார்களா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வண்டிச் சத்தம், சாப்பாடு, மேளக்காரர் கூலி எல்லாம் போக, பாடியவர் கணக்கும் அதுதான்.

சட்டத்திலும் பெயர்தான் முதல் படி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. சினிமாவில் சேர்ந்த பாட்டாக இருந்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற உபயோகங்களுக்கு, எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் "இது என் பாட்டு" என்று நிரூபிக்க வேண்டுமே? ஊரெல்லாம் "யாரோ பாடியது" என்று பேசிக்கொண்டிருந்தால் எப்படி நிரூபிப்பார்?

ரசிகர் நினைத்தால்

ரசிகர்கள் நினைத்தால் இதை மாற்ற முடியும். மாற்றியும் காட்டியிருக்கிறார்கள்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த சொற்கள் அதில் இருந்தன. உலகமெல்லாம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. "எழுதியவர் எங்கே?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பிறகு அவருடைய படத்தோடு தனி அட்டை வந்தது. பெங்களூரிலிருந்து லால்பாக் எக்ஸ்பிரசிலும் பிருந்தாவனிலும் போகிறவர்கள் தாண்டிப்போகும் அதே அரக்கோணத்துப் பிள்ளைதான் அவர்.

2018-ல் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் முதல் பரிசு பெற்றார். கிராமியப் பாட்டே பாடி அந்த மேடையில் ஜெயித்தார். வீட்டுக்கு வீடு சொல்லிவைத்து ஓட்டுப் போட்டவர்கள் சாதாரண ஜனங்கள்.

பெங்களூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2003-ல் சப்னம் விர்மானி என்ற ஆவணப்பட இயக்குநர் இங்குள்ள சிருஷ்டி கலைப்பள்ளியில் இருந்துகொண்டு கபீர் பாட்டைத் தேடிப் புறப்பட்டார். மத்தியப் பிரதேசத்து மால்வா கிராமங்களில் பாடும் பிரகலாத் சிங் திபானியா போன்றவர்களை நாலு ஆவணப்படங்கள் மூலம் காட்டினார். திபானியா பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2011-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தி அதிகம் புழங்காத இந்த நகரத்தில் அவருடைய பாட்டைக் கேட்க ஜனங்கள் கூடுகிறார்கள். ஒருவர் கேட்டு, பெயரோடு இன்னொருவருக்குச் சொன்னதன் பலன் அது. மால்வா பாடகருக்குப் பெங்களூரில் கிடைக்கும் மரியாதை, மதுரைப் பாடகருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

ஓர் அறையில் ஆறு மாவட்டம்

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் உணர்வதில்லை.

ஊரில் இருக்கிறவருக்கு அவருடைய வட்டாரத்துப் பாட்டுதான் தெரியும். கோயம்புத்தூர்க்காரருக்கு ராமநாதபுரத்துப் பாடகரைத் தெரியாது. ஆனால் பெங்களூரில் வாடகை அறை ஒன்றில் ஆறு பேர் தங்கினால் ஆறு மாவட்டம் ஒரே பாயில் படுத்திருக்கிறது! ஒருவர் விழுப்புரம், ஒருவர் தேனி, ஒருவர் கிருஷ்ணகிரி. தங்கவயலிலிருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வேலைக்கு வந்து போகிறவர்களைச் சேர்த்துக்கொண்டால், தமிழ்நாட்டுக்கு வெளியே நூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்த தமிழும் கூட வருகிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அந்தத் தமிழ் மூடப்படவில்லை. தமிழ்நாட்டு நகரங்களிலேயே இப்படி ஒரு கூட்டம் சுலபத்தில் சேராது.

இந்தக் கூட்டம் ஒருவருக்கொருவர் "உங்கள் ஊரில் இப்போது புதிதாக யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஒரு பாடகரை அறிமுகப்படுத்தட்டும். அடுத்த வாரம் இன்னொருவர். ஆறு வாரத்தில் ஆறு பாடகர். காசு செலவில்லை.

பாட்டை அனுப்பும்போது மூன்று விவரம் சேர்த்து அனுப்புங்கள். பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஊர். தெரியாவிட்டால் "தெரிந்தவர் சொல்லவும்" என்று போடுங்கள். நாலு கை மாறுவதற்குள் ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் படும், பெயர் கிடைத்துவிடும்.

ஆடித் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் கச்சேரி வைக்கும் குழுக்கள், ஒரு மணி நேரத்தைத் தானே எழுதிப் பாடும் ஒருவருக்கு ஒதுக்கட்டும். நோட்டீசில் பெயரைப் போடட்டும். பேசிய பணத்தை முழுதாகக் கொடுக்கட்டும். படுக்க ஓர் இடம், வயிறார ஒரு சாப்பாடு. இதெல்லாம் தர்மம் அல்ல, கூலி.

பக்கத்து வீட்டுப் பாட்டு

கன்னடக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லக்கூடியவர்கள். எச்.எல்.நாகே கவுடா என்ற அதிகாரி ஓய்வுக்குப் பின் ராமநகரத்தில் 'ஜானபத லோகா' என்று நாட்டுப்புறக் கலைக்கு ஒரு நிலையத்தையே நிறுவினார். மைசூர் ரயிலில் போனால் ஒரு மணி நேரம்தான். ஒரு முறை போய்ப் பாருங்கள். உத்தர கன்னடத்து ஹாலக்கிப் பழங்குடிப் பாட்டி சுக்ரி பொம்ம கவுடாவுக்கு 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயிரக்கணக்கான பாட்டு மனத்தில் இருந்தது. 2025-ல் அவர் காலமானபோது பெயர் சொல்லி அழுதார்கள். நம் பாட்டுக்காரரை நம் கன்னட நண்பர்களுக்கும், அவர்கள் பாட்டுக்காரரை நமக்கும் அறிமுகம் செய்துகொண்டால், அரசியல்வாதிகள் செய்ய முடியாததைத் தம்பட்டமும் உடுக்கையும் செய்யும்.

"பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறோம், இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலரையும் இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லோடுமேன், வாட்ச்மேன், கிளார்க், "ஏய் தமிழா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் இல்லாமல் உழைப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த வலி தெரிந்த நாமே, நமக்காகப் பாடியவரைப் பெயர் இல்லாதவர் ஆக்கலாமா?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். இது பெரிய தேரும் அல்ல. ஒரு பெயர், ஓர் ஊர். எழுத ஒரு வரி. அடுத்த பாட்டை அனுப்புவதற்கு முன் அதை எழுதிவிட்டு அனுப்புங்கள்.