கலிவிக்கோழி

இந்த வாரம் என் ரத்த அழுத்தத்தை ஏற்றியது ஒரு புகைப்படம். அம்மையார்குப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை, நடுவில் ஜேசிபி, அதன் முன்னால் சால்வை போர்த்திய நாலு பேர். 'புதர் மண்டிக் கிடந்த இடம் சுத்தம் செய்யப்பட்டது' என்று கீழே ஒரு வரி.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். சீமைக் கருவேலத்தைப் பிடுங்கியிருந்தால் நானே இன்னொரு சால்வை வாங்கிக் கொடுத்திருப்பேன். அது ஓரமாக ஜம்மென்று நிற்கிறது. போனது களாவும் காரையும் சூரையும்.

'புதர்' என்ற சொல்லோடு எனக்குள்ள பகை பழசு. மரத்தை வெட்டினால் நாலு பேராவது ஏன் என்று கேட்பார்கள். புதரை வெட்டினால் சால்வை. தாவரவியலாளர் கேம்பிளை இனி இந்தப் பத்திக்குள் இழுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன், இந்த ஒரு வாரம் மன்னியுங்கள். அவர் 1915-ல் வெளியிடத் தொடங்கி, அவர் காலமான பிறகு ஃபிஷர் 1936-ல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலில் 'புதர்' என்று ஒரு செடி கிடையாது. களா உண்டு, அதிலும் பல வகை. இருவரும் வனத்துறையில் இருந்த வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த வித்தியாசம், ஆனி ஆடியில் களாக்காய் பறித்து ஊறுகாய் போடும் நமக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அது களா, மீதி வீடுகளில் தெலுங்கில் கலிவி. கலிவி என்றதும் மனசு ஏரிக்கரையை விட்டு ரயிலேறிவிடுகிறது. திருத்தணியில் ஏறி ரேணிகுண்டா தாண்டிப் போனால் கடப்பா. அந்த மாவட்டத்து முள்ளுக்காட்டில்தான் கலிவிக்கோழி என்ற பறவை இருந்தது. கலிவிச் செடிகளுக்கு இடையில் திரிவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். ராத்திரியில் நடமாடும் பறவை. பறவை ஆய்வாளர் ப. ஜெகநாதன் பிற்பாடு அந்தக் காட்டில் மணல் பரப்பிவைத்து, விடிந்ததும் காலடித் தடம் தேடினார். அடர்ந்த காடும் அதற்கு ஆகாது, பொட்டலும் ஆகாது. செடிக்கும் செடிக்கும் நடுவே நடக்க இடம் வேண்டும். அதாவது, நம் ஊர்க்காரர்கள் பார்த்ததும் சுத்தம் செய்யத் துடிக்கும் அதே மாதிரி நிலம்.

அங்கேயும் 2005-ல் மண்வாரி இயந்திரங்கள் வந்தன, தெலுங்கு கங்கை கால்வாய் வெட்ட. பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் அனுப்பும் அதே திட்டம். ஸ்ரீலங்கமல்லேஸ்வரம் சரணாலயத்து முள்ளுக்காடு கொஞ்சம் போயே போய்விட்டது. ஆந்திர வனத்துறை வேலையை நிறுத்தியது. பிறகு கால்வாயின் பாதையே மாறியது. ஒரு புதர்க்காட்டுக்காகக் கால்வாய் வளைந்தது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் டீக்கடையில் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் ஏரிக்கரை இப்போது வழவழவென்று இருக்கிறது. போன வருஷத்துக் களாக்காய் ஜாடியில் இன்னும் கால்வாசி மிச்சம். வீட்டில் அதை என் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.