கியர்பாக்ஸுக்கும் அளவுகோல் வேண்டும்

வேம்பார்க் கடற்கரையை விட்டு விளாத்திகுளம் பக்கம் உள்ளே வந்தால் கரிசல் பூமி. மிளகாயும் மல்லியும், உளுந்தும் பாசியும், மக்காச்சோளமும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விளைகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே கிடைக்கும் சில நாட்களில்தான் உழவும் விதைப்பும் நடந்தாக வேண்டும். மழை மிகுந்தால் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. வெயில் ஏறினால் பதம் போய்விடும். அந்தச் சில நாட்களில் டிராக்டர் பட்டறையில் கிடந்தால், நட்டம் வண்டிக்காரருக்கு மட்டுமன்று. அவரிடம் உழவுக்குச் சொல்லி வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கும் அந்தப் பருவமே கைநழுவும்.

அப்போது எழும் கேள்வி இதுதான்: "போன கோடையில்தானே கியர்பாக்ஸைப் பிரித்துப் பேரிங் மாற்றினோம்? அதற்குள் ஏன் இரைச்சல்?" பேரிங் போலி என்றும், ஆயில் மட்டம் என்றும் காரணம் சொல்லப்படும். அவையும் காரணமாகலாம். ஆனால் பேரிங் புதிதாக இருந்தும் அதன் ஆட்டம் அளக்கப்படவில்லை என்ற காரணத்தை எவரும் நினைப்பதில்லை.

ஆட்டம் என்பது என்ன?

கியர்பாக்ஸில் உள்ள ஷாஃப்ட்டுகள் இரு முனையிலும் பேரிங்கில் உட்கார்ந்து சுழல்கின்றன. ஷாஃப்ட்டை நெடுக்குவாட்டில் தள்ளி இழுத்தால் அது நகரும் தூரத்தையே ஆட்டம், அல்லது 'பிளே' என்கிறோம். இது தலைமயிரின் பருமன் அளவே இருக்கக்கூடிய இடைவெளி. பெட்டியின் ஓரத்தில் வைக்கும் 'சிம்' என்ற மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இது சரி செய்யப்படுகிறது.

ஆட்டம் கூடினால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஓடும். பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் பாரம் தாங்கும். கலப்பை மண்ணில் இறங்கிய நேரத்தில் கியர் நழுவும். ஆயில் சீல் கசியும். ஆட்டம் இல்லாமல் அளவுக்கு மேல் இறுகினாலோ உருளைகளுக்கு இடையே எண்ணெய்ப் படலம் நிற்காது. பேரிங் சூடேறி நீலம் பாய்ந்து, மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். தளர்ந்த பேரிங் இரைந்து எச்சரிக்கை தரும். இறுகிய பேரிங் பல நேரம் ஓசையின்றியே கெடும்.

கை சொல்வது போதுமா?

பல பட்டறைகளில் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, "சரியாயிருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். அனுபவமுள்ள மெக்கானிக்கின் கை பெரிது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் 0.05 மி.மீ. ஆட்டத்துக்கும் 0.15 மி.மீ. ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கனமான ஷாஃப்ட்டில் எந்தக் கையும் நம்பகமாகச் சொல்லாது. பேரிங் நிலைப்பதும் கெடுவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அளந்து செய்வது இந்தக் கரைக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் 1961இல் கடைசி முத்துக்குளிப்பு முடியும் வரை முத்து வணிகம் பேர்பெற்ற கடற்கரை இது. பழைய முத்து வணிகர்கள் பல தலைமுறை கண்டவர்கள். எனினும் கண்மதிப்பை மட்டும் நம்பவில்லை. அளவளவாகத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தே முத்தைத் தரம் பிரித்தார்கள். உப்பளத்திலும் அப்படியே. பாத்தி நீர் ஏறத்தாழ 25 போமே டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும் என்பதை மானியை மிதக்கவிட்டு அறிகிறார்கள். முத்துக்கும் உப்புக்கும் உள்ள அளவுகோல், கடன் வாங்கி நிறுத்திய டிராக்டருக்கு மட்டும் ஏன் இல்லை?

அளக்கும் முறை

கருவி எளியது. 0.01 மி.மீ. வரை காட்டும் டயல் கேஜும் அதைத் தாங்கும் காந்த அடியும் போதும். பேரிங்குகளைக் கழுவி, இலேசாக எண்ணெயிட்டுப் பொருத்த வேண்டும். மூடியை அதற்குரிய காகிதப் பேக்கிங்குடன் வைத்து, போல்ட்டுகளை முறையாக முடுக்க வேண்டும். பேக்கிங்கின் தடிமனும் கணக்கில் சேரும். டயலின் முனை ஷாஃப்ட்டின் நுனியில் நேராகப் படும்படி நிறுத்த வேண்டும்.

பின்னர் ஷாஃப்ட்டைப் பல சுற்றுச் சுற்றிக்கொண்டே ஒரு பக்கம் தள்ளி, முள்ளைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். மீண்டும் சுற்றிக்கொண்டே மறுபக்கம் இழுத்து அளவைக் குறிக்க வேண்டும். சுற்றுவது முக்கியம். டேப்பர் பேரிங்கில் சுற்றாவிட்டால் உருளைகள் தம் இடத்தில் அமராது. டயல் பொய்க் கணக்குக் காட்டும். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்தால்தான் நம்பலாம்.

கிடைத்தது 0.25 மி.மீ., கம்பெனி கேட்பது 0.05 முதல் 0.10 வரை என்று வைத்துக்கொள்வோம். 0.15 முதல் 0.20 வரை குறைக்க வேண்டும். சிம் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்தால் எடுக்க வேண்டும். பேரிங் கப்புக்குப் பின்னால் இருந்தால் சேர்க்க வேண்டும். முடித்தபின் திரும்பவும் அளப்பது கட்டாயம்.

பினியன் ஷாஃப்ட் போன்ற சில இடங்களில் ஆட்டமே கூடாது. குறிப்பிட்ட இறுக்கம் வேண்டும் என்று கம்பெனி சொல்லும். இறுகிய ஷாஃப்ட் நகராது. ஆகவே டயலால் இறுக்கத்தைப் படிக்க இயலாது. ஷாஃப்ட்டில் கயிற்றைச் சுற்றி, வில்தராசால் சீராக இழுத்து, சுழற்றத் தேவையான விசையைப் பார்க்க வேண்டும்.

ஒரே கணக்கு எல்லாவற்றுக்கும் ஆகாது

ஊர்ப் பட்டறைகளில் டிராக்டரும், மீன் ஏற்றும் வேனும், காரும் ஒரே கையில் பழுது பார்க்கப்படலாம். டிராக்டரின் பெட்டி பெரும்பாலும் வார்ப்பிரும்பு. காருக்கும் பல சிறு வண்டிகளுக்கும் அலுமினியம். 300 மி.மீ. நீளம் 60 டிகிரி செல்சியஸ் சூடேறினால் எஃகு ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளும், அலுமினியம் 0.4 மி.மீ. நீளும். ஆகவே அலுமினியப் பெட்டியில் சூடேறச் சூடேற ஆட்டம் கூடும். அதனால் சிலவற்றைக் குளிர்ந்த நிலையில் இறுக்கமாகவே வைக்கச் சொல்வார்கள். ஒன்றின் கணக்கை மற்றொன்றில் போடுவது பிழை. அதுபோலவே, பழைய பால் பேரிங்கின் எண்ணுடன் 'சி3' என்றிருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும். அது உள் இடைவெளி கூடுதலாக உள்ளது என்பதற்கான குறி.

வேம்பார் போன்ற ஊர்களில் உப்பையும் மறத்தல் கூடாது. வண்டியைக் கடல் நீரில் இறக்கினால் சீல் வழியே உப்பு நீர் புகலாம். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உடனே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். துருப் புள்ளி விழுந்த உருளையை எவ்வளவு அளந்து பொருத்தினாலும் பயனில்லை.

யார் என்ன செய்ய வேண்டும்?

மெக்கானிக் அளக்காததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. கருவிக்கும் நேரத்துக்கும் வாடிக்கையாளர் கூலி தர முன்வராதபோது, அவர் எப்படி அளப்பார்? எனவே மாற்றம் வண்டிக்காரரிடம் தொடங்க வேண்டும். பில்லில் பழைய அளவு, புதிய அளவு, போட்ட சிம் ஆகிய மூன்றையும் எழுதித் தரக் கேட்க வேண்டும். அதற்குரிய கூலியையும் மனமுவந்து தர வேண்டும். கியர்பாக்ஸை இரண்டாம் முறை பிரிக்கும் செலவுடன் ஒப்பிட்டால் அது பெரிதாகாது.

கூட்டுறவுச் சங்கங்களும் இயந்திர வாடகை மையங்களும் ஒரு டயல் கேஜும் வில்தராசும் வாங்கி, வட்டாரப் பட்டறைகளுக்கு இரவல் தரலாம். ஆந்திராவின் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் உள்ளது. அத்தகைய பயிற்சி, விளாத்திகுளம் வட்டாரத்து மெக்கானிக்குகளுக்குத் தமிழில், அவர்கள் ஊரிலேயே கிடைக்க வேளாண்மைப் பொறியியல் துறை வழி செய்ய வேண்டும். டிராக்டர்க் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் உரிய ஆட்ட அளவுகளை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுத் தருவது பெரிய காரியமன்று.

கியர்பாக்ஸ் வேலையைப் புரட்டாசி வரை தள்ளிப் போடாமல் சித்திரை, வைகாசியிலேயே முடிப்பது நலம். அப்போது அவசரம் இராது. அளக்க நேரம் இருக்கும். விதையை எண்ணி விதைக்கும் விவசாயி, அந்த விதைக்கு நிலம் திருத்தும் இயந்திரத்தையும் அளந்து பூட்டச் சொல்ல வேண்டும்.