எதிர்க்காற்றில் முப்பது விநாடி

அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். பையன்களுக்கு 15, 20, 20 கிலோமீட்டர்; பெண் பிள்ளைகளுக்கு 10, 15, 15. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த வண்டியில்தான் ஓட்ட வேண்டும், கியர் வண்டிக்கு அனுமதி இல்லை. முதல் பரிசு 5,000 ரூபாய். நாலாவது முதல் பத்தாவது வரை வருகிறவர்களுக்கும் ஆளுக்கு 250 உண்டு. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த இலவச சைக்கிளை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளை தென்காசி மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிடலாம். அதனால்தான் இந்தப் போட்டி மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

ஆனால் சங்கரன்கோவில் பிள்ளைகள் இதற்குத் தயாராகிற விதம் எனக்கு வருத்தம் தருகிறது. அறிவிப்பு வரும்வரை யாரும் அசைவதில்லை. வந்ததும் தலைமையாசிரியரிடம் வயதுச் சான்றிதழ் வாங்க அலைச்சல். பிறகு மிஞ்சியிருக்கிற நாலைந்து நாளும் காலையிலும் மாலையிலும் மூச்சு முட்ட ஓட்டம். போட்டியன்று கால் கெட்டியாகிப் பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது. அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 எல்லா வருஷமும்தான் வருகிறது. போட்டி அதற்குச் சில நாள் முன்னே பின்னே நடக்கும், அவ்வளவுதான். அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஜூலை நடுவிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட முடியும்.

20 கிலோமீட்டரை நன்றாக ஓட்டுகிற பையன் முடிக்க நாற்பது நிமிஷம் போல ஆகும். அந்த நாற்பது நிமிஷமும் ஒரே சீராகப் போவதில்லை. கிளம்பும்போது முண்டியடிப்பு, நடுவில் யாராவது பிய்த்துக்கொண்டு போனால் துரத்தல், திரும்புமிடத்தில் வேகம் செத்து மறுபடி எழுப்புதல், கடைசியில் ஒரு பாய்ச்சல். துரத்திப் பிடிக்கப் பலருக்கும் முடிகிறது. பிடித்த பிறகு ஒரு நிமிஷத்துக்குள் மூச்சு திரும்பி, அடுத்த துரத்தலுக்குத் தயாராகிறவன்தான் கடைசிவரை முன்னால் நிற்கிறான். அந்த மீட்சியைத் தனியாகப் பழக்க வேண்டும். வேகமாக ஒரு துண்டு, மெதுவாக ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி ஓட்டுகிற இடைவெளிப் பயிற்சி அதற்குத்தான்.

இது புதிதல்ல. 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ஹான்ஸ் ரைண்டலும் ஓட்டக்காரர்களை வைத்து இதை முறைப்படுத்தினார்கள். கெர்ஷ்லரிடம் பழகிய ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 1955 வரை அந்தச் சாதனையை யாரும் உடைக்கவில்லை. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடியே உடம்பை வளர்த்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். இன்றைய சைக்கிள் வீரர்கள் பெடலில் மிதிக்கும் திறனை அளக்கிற பவர் மீட்டர் வைத்துக்கொண்டு செய்கிற பயிற்சிக்கும் அடிப்படை இதுவே.

கெர்ஷ்லரும் ரைண்டலும் விட்டுச்சென்ற ஒரு விதி நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். வேகத் துண்டில் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 180 வரை ஏறலாம். நிறுத்தியபின் ஒன்றரை நிமிஷத்துக்குள் அது 120க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அந்த உடம்புக்கு அன்றைய வேலை அதிகம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பத்து விநாடி எண்ணினால் 20 வர வேண்டும்.

புளியங்குடி சாலையில் ஒரு விடிகாலை பத்தாவது படிக்கிற பையன் ஒருவனை எண்ணச் சொன்னேன். நின்றதும் 29. ஒன்றரை நிமிஷம் கழித்து 24. “அண்ணாச்சி, இன்னும் ஒண்ணு போயிட்டு வாரேன், காலு நல்லாத்தான் இருக்கு” என்றான். மேல்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “காலைக் கேக்காதல, கழுத்தைக் கேளு” என்று வீட்டுக்கு அனுப்பினேன். நல்ல பிள்ளைகள்தான் இப்படித் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். அவர்களை நிறுத்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. சுரண்டை, தேவர்குளம், கயத்தாறு வட்டாரமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். புளியங்குடி நமக்கு நேர் மேற்கே, கழுகுமலை நேர் கிழக்கே. இரண்டு சாலையும் காற்று வரும் திசையிலேயே கிடக்கின்றன. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது 20இல் ஓட்டுகிறவன் மார்பில் 35இன் காற்று மோதும். அமைதியான வேளையைவிடத் தடை மூன்று மடங்கு. மேடே இல்லாத கரிசல் காட்டில் மலைச்சாலைப் பயிற்சி கிடைத்த மாதிரி. மேற்கே பார்த்து மூன்று நிமிஷம் அழுத்தி மிதி, திரும்பிக் காற்றோடு உருண்டு கிளம்பின இடத்துக்கு வா, மூச்சு அடங்கட்டும், மறுபடி போ. நாலு தடவை போதும். முதல் தடவை எட்டிய மைல்கல்லை நாலாவது தடவையும் கிட்டத்தட்ட எட்டினால் அளவு சரி.

கிழக்கே போகிற நாளில் வேறு வேலை. கியர் இல்லாத வண்டியில் வேகம் கால் சுற்றும் வேகத்தில்தான் இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மணிக்கு 30 கிலோமீட்டர் போக நிமிஷத்துக்கு ஏறத்தாழ 92 சுற்று சுற்ற வேண்டும். நம் பிள்ளைகள் அறுபதைத் தாண்டிப் பழகுவதே இல்லை. பின்காற்றில் அந்த வேகச் சுற்றைக் காலுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இருக்கை உயரத்தை அதற்கு முன் சரிசெய்துவிட வேண்டும். பெடல் கீழே இருக்கையில் முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கினால் ஒரு நிமிஷ வேலை.

போட்டிக்கு நாலு வாரம் இருக்கும்போது முப்பது விநாடித் துண்டுகளுக்கு வரலாம். நார்வேயின் லில்லஹாமரில் பென்ட் ரோன்னஸ்டாட் குழுவினர் நன்கு பழகிய சைக்கிள் வீரர்களைப் பத்து வாரம் சோதித்தார்கள். 30 விநாடி அழுத்தம், 15 விநாடி தளர்வு. இப்படி 13 தடவை ஒரு சுற்று, மூன்று நிமிஷ ஓய்வுடன் மொத்தம் மூன்று சுற்று. ஐந்தைந்து நிமிஷமாக நாலு தடவை ஓட்டிய குழுவைவிட இவர்கள் அதிகம் முன்னேறினார்கள். நம் பிள்ளைகள் இதை அப்படியே செய்யக் கூடாது. ஆறு தடவையில் ஒரு சுற்று என்று தொடங்கிப் பத்துத் தடவையில் இரண்டு சுற்றுவரை போனால் போதும். விசிலும் கைக்கடிகாரமும் பி.டி. சாரிடம் இருக்கின்றன.

இதெல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். உலகத்தரத் தாங்குதிறன் வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களின் பயிற்சி நாட்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு மெதுவானவை என்று காட்டியிருக்கிறார். நடுவில் நம் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு வருகிறது. சாலையெல்லாம் கூட்டம், வேகமாக ஓட்ட இடமிருக்காது. நல்லதாயிற்று, அந்த வாரம் உடம்பு தேறட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். தசைக்கு ஆக்ஸிஜன் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்த உடம்பில் இடைவெளிப் பயிற்சி சோர்வைத்தான் கூட்டும். பயிற்சி தொடங்குமுன் அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூர எறியாமல் விழுங்கட்டும். அடுத்தது, 17 வயதுப் பெண்ணுக்கு 15 கிலோமீட்டர், பையனுக்கு 20 என்ற பிரிவினைக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அன்றாடம் பள்ளிக்குப் பத்துக் கிலோமீட்டர் மிதிக்கிற பெண்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஆணையம் இதை மாற்ற வேண்டும்.

கடைசி வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று முப்பது விநாடித் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் கால் புதிதாக இருக்கும். அதுவரையிலான எட்டு வாரத்துக்கு வேண்டியது பாதுகாப்பான சாலை. விடிகாலையில் பூ மூட்டை ஏற்றிய வண்டிகளும் கேரளா போகிற லாரிகளும் பறக்கிற இடத்தில், தலை குனிந்து மிதிக்கிற பிள்ளையை நம்பிக்கையோடு அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்தரை முதல் ஏழு வரை, கிளைச்சாலை ஒன்றில் மூன்று கிலோமீட்டரைக் காவல் துறை தடுப்பு வைத்து ஒதுக்கித் தர வேண்டும். நகராட்சியும் பள்ளிகளும் சேர்ந்து ஜூலை முதல் வாரத்திலேயே மனுக் கொடுத்தால் இந்த வருஷமே நடக்கும்.