அதிவேக இரயிலும் மொரப்பூர்ப் பாதையும்

அதிவேக இரயிலைப் பற்றிய பேச்சு நாடெங்கும் மிகுந்து வருகிறது. 1964 அக்டோபர் 1-இல் ஜப்பான் தேசம் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோ மீட்டர் வேகத்தில் இத்தகைய இரயிலை ஓட்டத் தொடங்கியது. நம் நாட்டில் மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோ மீட்டர் தடத்திற்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. வேலை நடைபெற்று வருகிறது. சென்னை–பெங்களூரு–மைசூருத் தடத்திற்கும் யோசனை உண்டு.

வேகத்தை நாம் வெறுப்பவரல்லர். ஆயினும் வேகத்தை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதே நமது கேள்வி. வத்தல்மலையில் விளையும் காப்பியும் மிளகும் மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து தருமபுரியை அடைகின்றன. அங்குள்ள இரயில் நிலையம் சேலம்–பெங்களூருப் பாதையில் அமைந்தது. சென்னைக்கு இரயிலில் அனுப்ப வேண்டுமாயின், மூட்டையும் சேலைக்கட்டும் சாலை வழியே மொரப்பூருக்குச் செல்ல வேண்டும்.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் 1906-இல் சிறுபாதை இரயில் விடப்பட்டது, 1913-இல் ஓசூர்வரை நீண்டது, 1941-இல் நின்றுபோயிற்று. பெரும்பாதை வண்டி சிறுபாதையில் ஓடாதாகையால் மொரப்பூரில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. மும்பைத் தடமும் நமது அகலப்பாதையினின்றும் அளவில் வேறுபட்டதே; அதில் செல்வோர் பிரயாணிகளே, சரக்கு செல்லாது.

புதிய தடம் அமைந்தால் பழைய பாதைகளில் நெரிசல் தணிந்து சரக்கு வண்டிகளுக்கு இடம் கிடைக்கும் என்பர். நியாயமான வாதமே. ஆனால் அப்பாதையை எட்டும் வழி நமக்கு வேண்டாமா? வாய்க்கால் வெட்டாமல் அணையை மட்டும் உயர்த்தினால் கடைமடை நனையுமா?

மொரப்பூர்–தருமபுரி அகலப்பாதை ஏறத்தாழ 36 கிலோ மீட்டரே. 2019-இல் அடிக்கல் நாட்டியும் இன்னும் வண்டி ஓடவில்லை. இதனை முதலில் முடிப்பதும், தருமபுரி நிலையத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கைக் காக்க ஒரு கிடங்கு அமைப்பதும், மலைப் பேருந்தின் நேரத்தை இரயில் நேரத்தோடு இணைப்பதும் உடனடித் தேவைகள்.

தனித்தனியே முறையிட்டால் குரல் எழும்பாது. ஒவ்வொரு சங்கமும் தன் மகாசபையில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாக. நகரங்கள் நெருங்கட்டும்; அவற்றோடு மலையும் நெருங்கட்டும்.