பட்டை கட்டும் முன் பாதையைப் பூட்டுங்கள்

நான்கு ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் அமெரிக்கரும் உடல்நிலையைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை அணிந்திருக்க வேண்டும் என்றார் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். 2025 ஜூனில் நாடாளுமன்றக் குழுவின் முன் இதைச் சொன்ன அவர், இதற்காகப் பெரும் விளம்பர இயக்கம் வரும் என்றும் அறிவித்தார். இதயத் துடிப்பும் சர்க்கரை அளவும் எந்த வழியாக யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகல்லவா விளம்பரம் வர வேண்டும்?

2017 ஆகஸ்டை அமெரிக்கா மறந்துவிட்டது. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களுக்குள் ரேடியோ அலை வழியே அத்துமீறி நுழைய முடியும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அப்போது எச்சரித்தது. அமெரிக்காவில் மட்டும் 4,65,000 கருவிகள்! மென்பொருளைப் புதுப்பிக்க மூன்று நிமிடம் போதும். ஆனால், வீட்டிலிருந்து செய்ய வழியில்லை, மருத்துவரிடம் நேரில்தான் போக வேண்டும். இதயம் துடிக்கும் வேகத்தை மாற்றலாம் என்பது ஓர் ஆபத்து. பேட்டரியை விரைவாகத் தீர்த்துவிடலாம் என்பது இன்னோர் ஆபத்து. யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்று தொழில்துறையினர் சொல்வதெல்லாம் ஒரு பதிலே அல்ல. உடலில் இருக்கும் கருவிக்கு மின்சிக்கனமும் பாதுகாப்பும் ஒன்றுதான் என்பதற்கு இந்த 4,65,000-ஐவிடப் பெரிய சான்று தேவையில்லை.

மறையாக்கம் சேர்த்தால் பேட்டரி தாங்காது என்ற பழைய சாக்கு இனி செல்லாது. இன்றைய புளூடூத் சில்லுகள் பெரும்பாலானவற்றில் அதற்கான வன்பொருள் உள்ளேயே இருக்கிறது. மின்சாரத்தைத் தின்பது ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாக உறிஞ்சிவிடுகிறது. மார்பிலுள்ள சென்சார் முதுகுப் பக்கம் இருக்கும் கருவியை எட்டத் திணறும். சக்தியைக் கூட்டினால் பேட்டரி கரையும், திசுவும் கூடுதலாகச் சூடேறும். அதனால்தான் இடையில் இன்னொரு சென்சாரை வைத்துத் தகவலைக் கைமாற்றுகிறார்கள். நல்ல உத்திதான். ஆனால், கைமாற்றும் ஒவ்வோர் இடமும் திருடனுக்குக் கூடுதலாக ஒரு வாசல். உடல்சார் வலையமைப்புகளுக்காக 2012இல் வந்த ஐஇஇஇ 802.15.6 தரநிலை இந்தக் கைமாற்றலை அனுமதிக்கிறது. கூடவே, எந்தப் பாதுகாப்பும் இல்லாத ‘நிலை 0’ என்ற ஒன்றையும் அனுமதிக்கிறது. நோயாளியின் உடலில் அப்படி ஒரு நிலைக்கு என்ன வேலை? இதைப் பொறியாளர்களின் வசதிக்கு விட்டுவைத்தது மன்னிக்க முடியாத அலட்சியம்.

கணக்கை உடலிலேயே முடிப்பதுதான் வழி. சீராகத் துடிக்கும் இதயத்தின் இசிஜியை நாள் முழுவதும் தொலைதூர சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருப்பானேன்? துடிப்பு பிசகும்போது மட்டும், அதுவும் மறையாக்கம் செய்து, மருத்துவருக்கு அனுப்பினால் போதும். ரேடியோ ஓய்வெடுக்கும், திருடவும் அதிகம் இருக்காது. நிறுவனங்கள் இதை விரும்பாததற்கு ஒரே காரணம், அவர்களுக்கு நோயாளியைவிட அவரது தரவுதான் முக்கியம்.

இணையத்தில் இணையும் மருத்துவக் கருவிகளுக்கு இணையப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயம் என்ற சட்டம் 2023 முதல் அமெரிக்காவில் நடப்பில் இருக்கிறது. ‘பொது நலவாழ்வுக் கருவி’ என்ற முத்திரையோடு வரும் கைப்பட்டைகள் அதன் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன. கென்னடி கோடிக்கணக்கானோரின் கையில் கட்டச் சொல்வதும் பெரும்பாலும் இவற்றைத்தான். அந்த விலக்கை நீக்கும்வரை விளம்பரத்துக்கு ஒரு டாலர்கூட ஒதுக்கக் கூடாது; தகவலை அணிந்தவரின் உடலிலேயே வைத்திருக்கத் தெரியாத கருவியை விற்கவும் விடக் கூடாது.