நோயாளியின் கதையைக் கேளுங்கள்!

மருத்துவத்திற்குக் கருவிகள் போதும், கதை எதற்கு என்பார் உளர். அவர்களுக்கு என் அன்னையின் அனுபவமே விடை.

அன்னைக்குக் காசநோய். 6 மாதம் மாத்திரை உண்ண வேண்டும். முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டு, எங்களிடம் மறைத்தார். இருமல் கூடியது. சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் தெரிந்தது, மருந்தை விட்ட காரணம் தெரியவில்லை.

ஒரு செவிலியர் மட்டும் அருகில் அமர்ந்து, "முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார். அன்னை தயங்கித் தயங்கிச் சொன்னார். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் சிவந்ததாம். இரத்தம் போகிறதென்று அஞ்சினாராம். மகனிடம் சொல்ல நாணினாராம். "அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், இரத்தமில்லை" என்று செவிலியர் விளக்கினார். மீண்டும் தொடங்கிய மருந்தை அன்னை முழுதும் உண்டார். இன்று நலம்.

நானோ நாள்தோறும், "மாத்திரை போட்டியாம்மா?" என்று மட்டுமே கேட்டவன்!

1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். நுண்ணோக்கி கிருமியைக் காட்டும், அச்சத்தைக் காட்டுமா? மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார் வள்ளுவர். அவனைப் பேசவிடாத மருத்துவம் குறையுடையதே என்பது என் துணிபு. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு நோயாளியிடமும் இன்றே சற்று அமர்ந்து கேளுங்கள்!