தலையாட்டினால் விளங்கியதாகுமா?

நம் தோட்டப்புறங்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்கள். தாய்மார்களே, இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. உலகில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று இப்படிப் பிறக்கிறது. 28 வாரமும் நிறையாத பிள்ளைக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

மருத்துவம் வளர்ந்துவிட்டது. பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஊசியின் பயனை 1972இல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் எடுத்துக்காட்டினர். பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இன்று ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் இத்தகைய பிள்ளைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு.

ஆனால், சொல்லும் முறையும் வளர வேண்டாமா? 24 வாரத்தில் வலி கண்டு துடிக்கும் தாயிடம், அவளுக்குப் பழகாத மொழியில் நாலு கணக்கைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? கணவனும் தலையாட்டுவான். வகுப்பில் பிள்ளைகள் "விளங்கிச்சு, சார்" என்றதும் நாங்கள் பாடத்தை மூடுவதில்லை. "எங்கே, நீ சொல் பார்ப்போம்" என்போம். டாக்டர்களும் அப்படிக் கேட்கலாமே!

நின்றபடி பேசாமல் உட்கார்ந்து, தாய் தகப்பன் இருவரையும் வைத்துப் பேசட்டும். தமிழ் தெரிந்த தாதியை உடன் அழைக்கட்டும். "நூறில் இத்தனை பிள்ளைகள் பிழைக்கும்" என்பதோடு "இத்தனை பிழைக்காது" என்பதையும் சொல்லட்டும். மூச்சு, பார்வை, மூளை ஆகியவற்றில் பின்னால் வரக்கூடிய சிரமங்களையும் மறைக்க வேண்டாம். பிழைப்பது அரிதென்றால், எல்லாச் சிகிச்சையும் செய்வது ஒரு வழி. வலியில்லாமல் தாயின் மடியில் வைத்திருப்பது இன்னொரு வழி. இரண்டையும் சொல்லி, எதற்கு அஞ்சுகிறீர்கள், எதை விரும்புகிறீர்கள் என்று கேட்கட்டும். நேரமிருந்தால் மறுநாளும் வந்து பேசட்டும். "இது உங்கள் குற்றமில்லையம்மா" என்ற ஒரு வார்த்தையை மாமியார் காதிலும் விழும்படி சொன்னால் பெரிய புண்ணியம்.

நாமும் கேட்கப் பழக வேண்டும். இப்போது எத்தனை வாரம்? நுரையீரல் ஊசி போட நேரமிருக்கிறதா? பிறந்தவுடன் என்ன செய்வீர்கள்? நாங்கள் பிள்ளையைத் தொடலாமா? தாய்ப்பால் எப்போது கொடுக்கலாம்?

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விளங்காவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள். அதில் வெட்கமில்லை, பிள்ளை நம்முடையது.